மெத்தையைச் சேர்த்து அளந்துவிட்டு அடுக்குக் கட்டில் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வார இணைப்பில் குழந்தைகள் அறையை அழகாக வைத்துக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அடுக்குக் கட்டில் என்று வந்ததும் இடம் மிச்சமாகும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாக எடுங்கள் என்று மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். கூடவே போட்டிருந்த படத்தில் மேல்கட்டிலில் கிடக்கும் மெத்தை, பக்கத்துத் தடுப்புக் கட்டையின் உயரத்தைக் கிட்டத்தட்ட எட்டி நிற்கிறது. கட்டில், அலமாரி எல்லாம் வீட்டுக்கு வந்து பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் கண் முதலில் அங்கேதான் போனது. அந்தக் கட்டிலில் தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். தூக்கத்தில் ஒரு புரளு புரண்டால் பிள்ளை தரையில்.

இதில் கட்டில் செய்தவரைக் குறை சொல்லவும் முடியாது. கடையில் கட்டிலை மட்டும் தனியாக நிறுத்தி வைத்திருப்பார்கள், பலகைக்கு மேல் தடுப்பு நல்ல உயரமாகவே தெரியும். மெத்தையை அப்புறம் வேறொரு கடையில், வேறொரு நாளில், “நல்லா தடியா, மெத்துன்னு இருக்கட்டும்” என்று கேட்டு வாங்குவோம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பலகையிலிருந்து தடுப்பின் மேல்விளிம்பு வரை 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குல மெத்தை போட்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பாக 8 அங்குலம் மிஞ்சும். அதே கட்டிலில் 10 அங்குல மெத்தை போட்டால் மிஞ்சுவது 4 அங்குலம்தான், அதற்கு மேல் மடித்த போர்வை ஒன்றை விரித்தால் அதுவும் குறையும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அடுக்குக் கட்டிலுக்கென்றே சட்டப்படியான விதி இருக்கிறது, அதன்படி மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலமாவது தடுப்பு உயர்ந்து நிற்க வேண்டும். அளவு பலகையிலிருந்து இல்லை, மெத்தையிலிருந்து. ஐரோப்பியத் தரவிதியோ மெத்தை எந்த உயரம் வரை வரலாம் என்பதைக் கட்டிலிலேயே அழியாத கோடாகப் போடச் சொல்கிறது. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடிக்கும், பேச்சே வேண்டாம் பாருங்கள், மெத்தை கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான்.

அதனால் கட்டிலும் மெத்தையும் ஒரே கொள்முதல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தையின் நீள அகலமும் அதே அளவுக்கு முக்கியம். கட்டிலை விட மெத்தை சற்றுக் குட்டையாக இருந்தால் “பரவாயில்லை, தலையணை வைத்து அடைத்துக்கொள்ளலாம்” என்று சொல்பவர்கள் உண்டு, அது கூடவே கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விழும் அந்த இடைவெளியில் சின்னப் பிள்ளை நழுவி மாட்டிக்கொள்ளும். சுருட்டிக் கட்டி வரும் ஃபோம் மெத்தையைப் பிரித்த உடனே அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது உப்பி முழு உயரத்துக்கு வர நேரம் எடுக்கும், வந்தபிறகு இன்னொரு தடவை டேப்பை வையுங்கள்.

அடுத்தது இடைவெளி. விழுவதை எல்லாரும் நினைத்துப் பார்க்கிறோம், மாட்டிக்கொள்வதை யாரும் நினைப்பதில்லை. சின்னக் குழந்தைக்கு உடம்பை விடத் தலைதான் பெரிசு. தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே, அல்லது இரண்டு கட்டைகளுக்கு நடுவே, உடம்பு நுழைகிற சந்து இருந்தால் கால் முதலில் போகும், பின்னாலேயே இடுப்பு போகும், தலை மட்டும் நின்றுவிடும். பிள்ளை கழுத்தால் தொங்கும், சத்தம் போடவும் முடியாது. அந்த அமெரிக்க விதி வந்ததற்கே இப்படி நடந்த மரணங்கள்தான் காரணம். மேல்கட்டிலின் தடுப்பில் எந்தச் சந்தும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த விதியின் கணக்கு, சென்டிமீட்டரில் சுமார் 9. கடைக்குப் போகும்போது மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டையை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், எந்தச் சந்திலாவது அது நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். விற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். பார்க்கும்போது ஏணிப் பக்கத்தையும் தலைமாட்டையும் சேர்த்துப் பாருங்கள், நிறையப் பேர் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

சுவர்ப் பக்கத் தடுப்பு விஷயத்தில்தான் எனக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும். “சுவர்தான் இருக்கே தம்பி, அந்தப் பக்கம் எதுக்குக் கட்டை? விட்டுருங்க” என்பார்கள். சுவரை ஒட்டி இன்றைக்குத் தள்ளி வைக்கலாம், ஆனால் பிள்ளைகள் ஏறி இறங்க ஏறி இறங்கக் கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சந்து விழும், பெருக்குவதற்காக இழுப்பவர்கள் பழைய இடத்துக்கே தள்ளுவதும் இல்லை. அந்தச் சந்தில் விழும் பிள்ளையை வெளியே எடுப்பது தரையில் விழுந்த பிள்ளையை எடுப்பதை விடக் கஷ்டம். சுவர்ப் பக்கம் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இடைவெளி விடாமல் தடுப்பு ஓட வேண்டும். ஏணி இருக்கிற பக்கத்தில் மட்டும் ஏறுவதற்கு ஒரு வாசல் விடலாம், அதுவும் அளவாக.

வயசு விஷயம். அமெரிக்காவில் 6 வயசுக்குக் கீழே மேல்கட்டில் வேண்டாம் என்று கட்டிலிலேயே எழுதி ஒட்டச் சொல்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் 9 வயசு வரை பொறுக்கச் சொல்கிறார்கள். நான் வயசோடு இன்னொன்றையும் பார்ப்பேன், பாதித் தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து போகிற பிள்ளையா, தூக்கத்தில் நடக்கிற பழக்கம் உண்டா என்று. உண்டென்றால் எத்தனை வயசானாலும் கீழேயே இருக்கட்டும். ஐந்து வயசுப் பிள்ளை மேலேதான் படுப்பேன் என்று அழும், தெரியும். கட்டில் வாங்குவதற்கு முன்பே யாருக்கு எது என்று பேசி முடித்துவிடுங்கள், வந்து இறங்கினபிறகு பேசினால் பெரும்பாலும் அழுகைதான் ஜெயிக்கிறது.

பெரிய பிள்ளைகள் என்றால் பயமில்லை என்றும் இல்லை. 1990 முதல் 2005 வரையிலான கணக்கை எடுத்து 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அங்கே 21 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 36,000 பேர் அடுக்குக் கட்டிலால் அடிபட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய முக்கால்வாசி விழுந்ததால். 18, 19 வயசுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். ஹாஸ்டலுக்கு வாங்குபவர்கள் இதைப் படித்தால் நல்லது.

அறையின் உயரத்தைக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மேல்மெத்தையில் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் நடுவே இடம் இருக்க வேண்டும், அதாவது மெத்தையின் மேலிருந்து கூரை வரை இரண்டரை மூன்று அடியாவது வேண்டும். மின்விசிறி இருக்கிற அறை என்றால் அதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. மேலே முட்டி போட்டு உட்கார்ந்து கையை முழுசாக நீட்டினால் இறக்கை எட்டக் கூடாது, சட்டையை உதறிப் போடும்போதும் எட்டக் கூடாது. எட்டும் என்றால் கட்டிலை மாற்றி வைக்க முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் விசிறியைச் சுவரில் மாட்டுங்கள், இரண்டும் முடியாவிட்டால் அந்த அறைக்கு அடுக்குக் கட்டில் கிடையாது, அவ்வளவுதான். கூண்டு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், கூண்டுக் கம்பிக்குள் விரல் போகாதா என்ன.

ஏணியில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். செங்குத்தாக நிற்கிறதா, கொஞ்சம் சாய்ந்து இருக்கிறதா என்பது ஒன்று, சாய்ந்ததே மேல், ஏறுவது எல்லாருக்கும் சுலபம், இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். படி உருண்டையான கம்பியாக இல்லாமல் பாதம் பதிகிற தட்டையான பலகையாக இருக்கிறதா என்பது இன்னொன்று. கொக்கி போட்டு மாட்டுகிற ஏணியை நான் விரும்புவதில்லை, விளையாட்டில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள், அப்புறம் மேலே இருப்பவன் குதித்துத்தான் இறங்க வேண்டும். அடியில் இழுப்பறை வைத்த படிக்கட்டு மாடல் நல்லதுதான், ஆனால் அறையில் அது பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் எதை மிச்சம் பிடிக்க அடுக்குக் கட்டில் வாங்கினோம் என்று சில வீட்டில் தோன்றிவிடும்.

மரமா இரும்பா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, மூலைக்காலைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள், கடையில் ஆடுகிற கட்டில் வீட்டில் நிற்காது. இரும்பில் வெல்டிங்கையும், மரத்தில் இணைப்புகள் போல்ட் நட்டா அல்லது நேரடியாக மரத்தில் முடுக்கிய ஸ்க்ரூவா என்பதையும் பாருங்கள். மரத்தூள் பலகையில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட ஓட்டை பெரிசாகிப் பிடிப்பே போய்விடும், வாடகை வீட்டில் இருந்து மாறிக்கொண்டே இருப்பவர்கள் போல்ட் போட்டதையே வாங்க வேண்டும். பூட்டின சில வாரங்களில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்குங்கள், அதற்கப்புறமும் அவ்வப்போது. கிரீச் என்று சத்தம் வர ஆரம்பித்தால் எண்ணெய் விடாதீர்கள், ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டிலோடு வந்த, போல்ட் முடுக்கும் சாவியை இழுப்பறையில் போட்டுத் தொலைக்காமல் கட்டிலின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று, மேல்கட்டிலின் கம்பியில் துப்பட்டா, ஸ்கிப்பிங் கயிறு, பெல்ட் எதையும் தொங்கவிட அனுமதிக்காதீர்கள். கூடாரம் கட்டி விளையாடுவதாகத்தான் ஆரம்பிக்கும், கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும்.

பழைய கட்டிலைச் சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொள்பவர்கள் முதலில் எல்லாப் பாகமும் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அந்தச் சுவர்ப் பக்கத் தடுப்புதான். இல்லையென்றால் தச்சரிடம் சொல்லிச் செய்து போல்ட் போட்டு மாட்டுங்கள், கயிறு வைத்துக் கட்டுவதெல்லாம் ஆகாது. புதுசு வாங்குகிறவர்களுக்கு என் தனிப்பட்ட யோசனை, பின்னால் இரண்டு தனிக் கட்டிலாகப் பிரித்துப் போடக்கூடிய மாடலாகப் பார்த்து எடுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே ஏற மாட்டார்கள். போதாக்குறைக்கு, மேல்கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை, அதிலும் ராத்திரி மேலே படுத்த பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் அம்மா ஏணியில் நின்றுகொண்டே அத்தனையையும் செய்ய வேண்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் இணைப்பில் அடுக்குக் கட்டில் படம் போடும்போது இந்தக் கட்டிலுக்கு எத்தனை அங்குல மெத்தை வரை போடலாம் என்ற ஒரு வரியையும் கீழே போடுங்கள். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களிடமும் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்களுக்கே தெரியாது என்றால் செய்தவரைக் கேட்டுச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கட்டில் பூட்டும் வேலை செய்யும் ஒரு வாசகர்