துக்க வீட்டுக்குப் போன் கூடாது, மனநல வார்டுக்கு?

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநருக்கும், கடன் வசூல் விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பல வங்கிகள் தங்கள் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் வசூல் கொள்கை என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கின்றன. அதைப் படிக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. அதில் ஒரு வரி உண்டு: குடும்பத்தில் சாவு போன்ற பெருந்துயரம் நேர்ந்திருக்கும்போது பாக்கி கேட்டுப் போன் செய்வதையும் வீட்டுக்குப் போவதையும் தவிர்க்க வேண்டும். நல்ல வரி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. என் அண்ணன் மனநல வார்டில் இருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்): மனம் ஒரு சமயம் உச்சத்தில் பறக்கும், ஒரு சமயம் அடியில் விழும். சேர்க்கும்போது பெல்ட், சார்ஜர் வயர், போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நர்ஸ் என் கையில் கொடுத்தார். போனை வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மறுநாள் காலை 8 மணி 2 நிமிடத்துக்கு அது அடித்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் நீங்கள் போட்ட உத்தரவை அந்த வசூல் பையன் துல்லியமாகக் கடைப்பிடித்தான். அதைச் சொல்லியாக வேண்டும்.

"சார் இருக்காரா?"

"ஆஸ்பத்திரியில இருக்கார்."

"எந்த ஆஸ்பத்திரி சார்? என்ன பிரச்சினை?"

கால் உடைந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் முன்னால் இருக்கும் கணினியில் ஒரு குறிப்பாக ஏறும். நாளை அண்ணனின் ஆபீசுக்குப் போகிற அழைப்பில் அது வெளியே வராது என்று யார் உத்தரவாதம் தருவது? சொல்லாவிட்டாலோ, அவகாசம் கேட்க வாயில்லை. "காய்ச்சல்" என்றேன். "காய்ச்சல்னா போன்ல பேச முடியாதா சார்?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. நான் சொன்னது பொய், அவன் கேட்டது நியாயம்.

சரி, கிளைக்கே நேரில் போய்ப் பேசலாம் என்று போனேன். வாடிக்கையாளரே வர வேண்டும், அல்லது பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அவரே எழுத வேண்டும் என்றார்கள். மின்னஞ்சலைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி அண்ணனின் போனுக்கு வரும். போனைத் திறக்க அண்ணனின் விரல் வேண்டும். கையெழுத்துப் போட்ட கடிதமாவது கொடுங்கள் என்றார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். "இப்போ அவர்கிட்ட கடன், பணம்னு எதையும் பேசாதீங்க, கையெழுத்தும் வாங்காதீங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த மடித்த கடிதம் இன்னும் என் பையில் இருக்கிறது.

இதற்கிடையில் தவணை தேதி வந்தது. கணக்கில் பணம் இல்லை. ஒரே தவணையை மூன்று முறை அனுப்பி மூன்று முறையும் திரும்பியது. ஒவ்வொரு முறைக்கும் 590 ரூபாய் பவுன்ஸ் சார்ஜ். கணக்கு இருக்கும் வங்கியும் தன் பங்குக்குத் தனியாக எடுத்தது. தண்ட வட்டி என்ற பெயரில் வட்டிக்கு மேல் வட்டி போடுவதை 2023-ல் நீங்கள் தடுத்தீர்கள், நன்றி. ஆனால் தண்டக் கட்டணம் இருக்கிறதே. அப்புறம் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது பல வருடத்துக்கு உட்கார்ந்திருக்கும். காசோலை திரும்பினால் நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் கட்ட வேண்டும், இல்லையென்றால் கிரிமினல் வழக்கு. தானியங்கிப் பற்று திரும்பினாலும் அதே கதிதான். அந்த 15 நாளை, நாள் கிழமை தெரியாமல் படுத்திருக்கும் ஒருவருக்கும் சேர்த்தே எண்ணுகிறது சட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணனின் மூன்று கடன்களில் ஒன்று நோயே வாங்கிய கடன். மனம் உச்சத்தில் பறந்த வாரங்களில் அவர் தூங்கவே இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஆப்பில் நாலு தட்டு, பணம் கணக்கில். ஏதோ தொழில் தொடங்கப் போவதாக அத்தனை தெளிவாக, அத்தனை நம்பிக்கையாகப் பேசினார். டிஜிட்டல் கடனை அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் என்கிறது உங்கள் விதி. அந்த உச்சம் ஒரு நாளில் இறங்குவதில்லை. இறங்கியபோது அவருக்குக் கடன் வாங்கியதைவிட அந்தப் பேச்சை நினைத்துத்தான் கூச்சம் தாங்கவில்லை.

இதெல்லாம் மாற்ற முடியாத விதிகள் இல்லை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் நாடு முழுக்கத் தவணையை நிறுத்திவைக்க அனுமதித்தீர்கள். அந்த மாதங்களைத் தவறிய நாட்களாக எண்ணக் கூடாது என்றும் சொன்னீர்கள். புயல் வெள்ளம் வந்த மாவட்டங்களில் கடனைத் தள்ளிப்போட்டு மாற்றியமைக்க உங்களிடம் தனி வழிகாட்டுதலே இருக்கிறது. ஊருக்கு வெள்ளம் வந்தால் எப்படிக் கணக்கை நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளுக்கு வரும்போதுதான் படிவம் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் அந்தப் படிவம் இருக்கிறது. சாதாரணக் கடன்காரருக்கு 60 நாள் மூச்சு விடும் இடைவெளி. மனநல நெருக்கடிக்கான சிகிச்சையில் இருப்பவருக்கோ நாள் கணக்கே கிடையாது: சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள், அதற்குப் பிறகு இன்னும் 30 நாள். அதுவரை திட்டத்துக்குள் வரும் கடன்களுக்குப் பெரும்பாலான வட்டி, கட்டணம், வசூல் அழைப்பு, நடவடிக்கை எல்லாம் நிற்கும். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நோயாளி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அவரைப் பார்த்துக்கொள்பவர், நர்ஸ், சமூகப் பணியாளர் கேட்கலாம். நோயாளி நெருக்கடிச் சிகிச்சையில் இருக்கிறார் என்று தகுதி பெற்ற மனநல அலுவலர் ஒருவர் சான்று தர வேண்டும். ஒரே பதிவிலிருந்து கடன் கொடுத்த எல்லோருக்கும் தகவல் போய்விடுகிறது.

நம்மிடம் அதற்கான துண்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவரும் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய் போலவே நடத்தச் சொல்கிறது. காப்பீடு வரை வந்த சட்டம் கடன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2016 திவால் சட்டத்தில் மிக ஏழைகளின் சிறு கடனைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க ஒரு வழி எழுதப்பட்டது. சாதாரண மனிதர்களுக்கான அந்தப் பகுதி நடைமுறைக்கு வராமல் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

அதனால் நான் கேட்பது இது. சிகிச்சை தரும் மனநல மருத்துவரோ, மருத்துவமனையின் சமூகப் பணியாளரோ, நியமிக்கப்பட்ட பிரதிநிதியோ மருத்துவச் சான்றோடு ஒரு தகவல் கொடுத்தால் கடிகாரம் நிற்க வேண்டும். அந்தச் சான்றில் நோயின் பெயர் வேண்டாம், மருத்துவமனையின் வகை வேண்டாம். "பேச இயலாத நிலையில் சிகிச்சையில் இருக்கிறார்" என்ற ஒரு வரி போதும். ஒருவருக்கு எங்கெங்கே கடன் இருக்கிறது என்று சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரியும், ஆகவே ஒரு இடத்தில் சொன்னால் எல்லோருக்கும் போக வழி உண்டு. அந்த நாட்கள் தவறிய நாட்களாக ஏறக் கூடாது. நாளை அவர் கடன் கேட்டுப் போகும்போது இந்த இடைவெளி ஒரு கறையாக யார் திரையிலும் தெரியக் கூடாது. வட்டியை முழுக்க நிறுத்துவது பெரிய கேட்பு என்று எனக்கே தெரியும். முடியாது என்றால் சாதாரண வட்டி ஓடட்டும். பவுன்ஸ் சார்ஜும் தண்டக் கட்டணமும் அழைப்புகளும் நோட்டீசும் நிற்கட்டும்.

இதைச் சொன்னதும் ஒரு வங்கி நண்பர் சிரித்தார். "அப்புறம் எல்லாரும் மனநலச் சான்றோடு வந்து நிப்பாங்கப்பா" என்றார். கல்யாணம், வேலை, வாடகை வீடு எல்லாவற்றிலும் இந்த நோயை மறைக்கிற ஊரில், மூன்று மாதத் தவணைக்காக இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு யார் வருவார்கள்? வந்தாலும் கடன் எங்கும் போகவில்லை, தள்ளித்தான் போகிறது.

மீட்டர் வட்டிக்காரரிடம் உங்கள் சுற்றறிக்கை செல்லாது என்பதும் தெரியும். அது மாநில அரசு பார்க்க வேண்டிய விஷயம். அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார். இரண்டு கடன்களுக்குத் தவணை கட்டுகிறார். ஆப் கடனுக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. இந்த மடலை அனுப்புமுன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக் கதை இருக்கட்டும் என்றார். பிறகு அந்த வசூல் கொள்கை வரியைக் காட்டச் சொன்னார். "சாவு"க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கமா போட்டு, "மனநலச் சிகிச்சை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடன்காரர் ஒருவரின் தம்பி