இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துத் தினமும் படிக்கிறேன், பதில் எழுதத்தான் கை வரவில்லை. போனில் என்றால் "சாப்பிட்டியா" என்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பேரன் கவின் என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். மண்ணில் புரளுகிறான், வேறென்ன. வீட்டிலிருந்து அரை மணி நடந்தால் பொட்டானிக்கல் கார்டன், 1836-இல் திறந்தது, உள்ளே போகக் காசு கிடையாது. பஸ்ஸும் உண்டு, ஆனால் நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே. அங்கே ஒரு கரடிக் குழி இருக்கிறது. அந்தக் காலத்தில் நிஜக் கரடியையே வைத்திருந்தார்களாம், இப்போது சிலைதான். அதற்கு டாட்டா சொல்லாமல் இவன் வரமாட்டான்.

வாரத்தில் ஒரு காலை சின்னப் பிள்ளைகளை அங்கே விளையாட விடுகிறார்கள். பொம்மை கிம்மை ஒன்றும் இல்லை, அந்தந்தப் பருவத்தில் தோட்டத்தில் என்ன கிடக்கிறதோ அதுதான் சாமான். இப்போது இலை கொட்டும் காலம். ஈரக் களிமண்ணை மரத்தில் அப்பி, ஓக் கொட்டையைக் கண்ணாகப் பதித்து, குச்சியால் வாய் கீறி முகம் செய்கிறார்கள். சிகமோர் என்று ஒரு மரம், அதன் விதைக்கு இறக்கை உண்டு, மேலே வீசினால் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும், அதை வீசி வீசியே அன்றைக்குக் காலைப் பொழுது போய்விட்டது. குளிர் முற்றியதும் பைன் காய்க்குள் கொழுப்பும் தானியமும் அடைத்துப் பறவைகளுக்குக் கட்டித் தொங்கவிடுவார்கள். பன்றிக் கொழுப்பு, பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.

மண் சமையலும் உண்டு. ஓட்டைச் சட்டி, கரண்டி, வாளித் தண்ணீர், மழை பெய்தாலும் நிறுத்துவதில்லை. நாம் கிணற்றடியில் சொப்பு வைத்து ஆக்கியதை இங்கே ஆள் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். கவின் ஒரு உருண்டை உருட்டி, நடுவில் குழி பறித்து, சொல்லித் தரும் அம்மாவிடம் நீட்டி "களி" என்றான். நான் கேழ்வரகு, துடுப்பு என்று என் இங்கிலீஷில் விளக்கப் போய்ப் பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. மூக்கைச் சிந்திச் சமாளித்தேன், குளிர் என்று நினைத்திருப்பார்.

கீழ் வீட்டுக் கிழவியம்மாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, அவர் தெருவெல்லாம் கான்கர் பொறுக்குகிறார், ஹார்ஸ் செஸ்ட்நட் என்கிற மரத்தின் கொட்டை அது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும், புளியங்கொட்டை நிறம், அதே பளபளப்பு. பிள்ளைகள் அதில் கயிறு கோத்து ஒன்றோடொன்று மோதி உடைத்து விளையாடுவார்கள். இவரோ அறைக்கு நாலு மூலையிலும் வைத்தால் சிலந்தி அண்டாது என்று எங்களுக்கும் ஒரு பை கொடுத்தார். வைத்தேன். சிலந்தி அதன் மேலேயே வலை கட்டியிருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. பகலில் கதவைத் தட்டிப் பேச இங்கே அவர் ஒருவர்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிட்டார்கள், நாலரைக்கெல்லாம் இருட்டுகிறது. கவின் அப்பா நைட் ஷிஃப்டும் சேர்த்துப் பார்க்கிறார், அவரே கேட்டு வாங்கியது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இலை மேல் தாளை வைத்து கிரேயானால் தேய்த்தது, நரம்பு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது பாருங்கள். கிழக்கு வரிசை மா இலை ஒன்றை நீங்களும் இப்படித் தேய்த்து அனுப்புங்கள். அந்த வரிசையை வெட்டப் போவதாகத் தம்பி சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலையில் விலை இல்லை, தெரியும். ஆனால் வெட்டினால் அடுத்து மனை போட்டு விற்கலாம் என்பான், செல்வி அத்தையும் தலையாட்டுவாள். நான் வந்து பேசும்வரை நிறுத்தி வையுங்கள்.

குத்தகைக்காரர் இப்போதே அட்வான்ஸ் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், தையில் பூவைப் பார்த்துவிட்டுப் பேசலாம். போர் போடக் கேட்ட பணத்தை மாசிக்குள் அனுப்பப் பார்க்கிறேன், மொத்தமாக இல்லாவிட்டாலும் பாதி. அதுவரை பெரியப்பா கிணற்றிலிருந்து தண்ணீர் விடச் சொல்லுங்கள், அவர் முறைத்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மாவின் கண்ணை கிருஷ்ணகிரியில் காட்டினீர்களா? சீட்டைப் போட்டோ எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மல்லிகா