எஃப்ராயிம் மாளிகை: படக்குறிப்பில் ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெர்லின் பயணக் கட்டுரையில், எஃப்ராயிம் மாளிகையின் படத்துக்குக் கீழே '250 ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் வீடு' என்று அச்சாகியிருந்தது. அந்த வீடு 1936-இல் இடிக்கப்பட்டது. கட்டடப் பொறியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதாலும், அதன் எதிரே ஒரு மாலை முழுதும் நின்று பார்த்தவன் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் அரண்மனை நகை வணிகரும் நாணயச்சாலைக் குத்தகைதாரருமான ஃபைட்டல் ஹைனே எஃப்ராயிமுக்காக, டீட்டரிக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1762 முதல் 1766 வரை எழுப்பிய, ரொக்கோக்கோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரப் பாணி வீடு அது. தெருமுனை மனை என்பதால், மூலையைக் கூராக விடாமல் சுவரையே வளைத்து, கீழே தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் பொன் பூசிய இரும்புக் கிராதியுடன் உப்பரிகையை அமைத்தார். சாயங்கால வெயில் அந்தக் கிராதியில் படும்போது, பெர்லின்காரர்கள் அதை ஊரிலேயே அழகான மூலை என்று சொல்வது மிகையாகத் தோன்றவில்லை.

ஏழாண்டுப் போரின் செலவுக்காக வெள்ளியைக் குறைத்து நாணயம் அடித்ததில் மன்னருக்கு முழுச் சம்மதம் இருந்தும், வசை என்னவோ யூதரான எஃப்ராயிமின் தலையில்தான் விழுந்தது. மேலே மன்னர், உள்ளே மட்டமான உலோகம் என்ற பொருளில், 'வெளியே ஃபிரெட்ரிக், உள்ளே எஃப்ராயிம்' என்று அந்த நாணயத்தைப் பற்றி ஊரார் பழமொழியே கட்டிவிட்டார்கள்.

நாஜிகளின் ஆட்சியில், மியூலன்டாம் சாலையை அகலப்படுத்துவதற்காக வீடு இடிக்கப்பட்டபோது, முகப்புக் கற்களைத் தூளாக்காமல் ஏறத்தாழ 2,500 துண்டுகளாகக் கழற்றி, வெட்டிங் பகுதியில் அடுக்கி வைத்தார்கள். போருக்குப் பின் நகரம் பிரிந்ததில் கற்கள் மேற்கிலும், வீடு நின்ற இடம் கிழக்கிலும் போயின. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லின் கற்களைத் திருப்பித் தர, நகரின் 750-ஆம் ஆண்டு விழாவுக்காக, பழைய இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, 1987-இல் வீடு மீண்டும் எழுந்தது. முகப்பில் பழைய கற்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது புதுக் கட்டுமானம். 1889-இல் இடிபட்ட வார்ட்டன்பெர்க் மாளிகைக்குச் சிற்பியும் கட்டடக் கலைஞருமான ஷ்லூட்டர் வடிவமைத்த கூரைச் சுதைவேலையும் இதன் முதல் மாடியில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை போலும்.

படக்குறிப்பைத் திருத்தும்போது 1766-க்குப் பக்கத்தில் 1936-ஐயும் 1987-ஐயும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.