நேராக நிற்கும் தொடை எலும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கூடவே போட்டிருந்த படம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. மருத்துவ மாணவர்கள் கையில் எலும்பைக் கொடுத்துப் பாடம் நடத்தியே காலம் தள்ளியவள் நான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படத்தில் தொடை எலும்பு கம்பம் மாதிரி நேராக இறங்குகிறது. அடியில் இரண்டு குமிழ்கள், ஒரே அச்சில் வார்த்தது போல. உண்மையான தொடை எலும்பைக் குமிழ்கள் இரண்டும் பதியும்படி மேசைமேல் நிறுத்தினால், தண்டு வெளிப்பக்கமாகச் சாயும். உட்குமிழ் சற்றுக் கீழே இறங்கியிருப்பதால் வரும் சாய்வு அது. இடுப்பில் விலகி நிற்கும் தொடை எலும்புகள் முழங்காலில் நெருங்கி வருவதும், ஒற்றைக் காலில் நிற்கும்போது பாரம் பாதத்தின் மேலேயே இறங்குவதும் இதனால்தான். பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது, நடக்க நடக்கத்தான் உண்டாகிறது. 1973-ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹான்சன் என்ற தொல்மானிடவியலாளர் கண்டெடுத்த முழங்கால் எலும்புகளுக்கு வயது 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அதற்குரிய உயிர் இரண்டு காலில் நடந்தது என்று சொல்ல வைத்ததும் இந்தச் சாய்வுதான்.

வெளிக்குமிழுக்கு வேறு வேலை. முன்தொடைத் தசை இழுக்கும்போதெல்லாம் முட்டிச் சில்லு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். வெளிக்குமிழின் முன்விளிம்பு வரப்பு மாதிரி உயர்ந்து நின்று அதை மறிக்கிறது. இந்த வரப்பு தட்டையாக அமைந்தவர்களுக்குச் சில்லு எளிதில் நழுவும். நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நன்றாக மடக்கி, சில்லுக்கு இருபுறமும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் தட்டுப்படும் உருண்டைகள் இந்தக் குமிழ்களே.

‘கதவுக் கீல் போல’ என்று கட்டுரையில் ஒரு வரி. வகுப்பில் நானும் முதல் நாள் அப்படித்தான் சொல்வேன், இரண்டாம் நாள் வாபஸ் வாங்கிக்கொள்வேன். உட்குமிழின் உருளும் பரப்பு வெளிக்குமிழுடையதைவிட நீளம். காலை நீட்டி ஊன்றும்போது வெளிப்பக்கம் முதலில் உருண்டு முடிந்துவிடும், உட்பக்கத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி இருக்கும். அதைத் தீர்க்கத் தொடை எலும்பு லேசாக உட்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. முன்தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்காமலே நெடுநேரம் நிற்க முடிகிறதே, அது இந்தப் பூட்டின் தயவு. மறுபடி மடக்கும்போது பூட்டைத் திறப்பது முட்டிக்குப் பின்னால் இருக்கும் பாப்ளிட்டியஸ் என்ற சின்னத் தசை.

குமிழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டார் ஓவியர். அறுந்துபோகுமோ என்று விளையாட்டு வீரர்கள் பயப்படும் ஏ.சி.எல். என்ற நார், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது, அந்தப் பள்ளத்தில்தான், வெளிக்குமிழின் உட்சுவரில் ஒட்டியிருக்கிறது.

அடுத்த இதழில் இடம் இருந்தால் திருத்திய படம் ஒன்று போடுங்கள். அது வலது காலா, இடது காலா என்றும் குறித்துவிடுங்கள். போன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியை ஒருவர்