எங்க சயின்ஸ் சார் இருந்த இடத்துக்கு ஒரு டீச்சரை போடுங்க

அனுப்புநர்: அரசு உயர்நிலைப்பள்ளி பழைய மாணவர்கள், இப்போ பெங்களூர்ல குடியிருக்கிறவங்க (64 பேர் கையெழுத்து, ஊர் பேர், ஸ்கூல் பேர் எல்லாம் தனித்தாள்ல இணைச்சிருக்கோம்)

பெறுநர்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: எங்க ஸ்கூல்ல காலியா இருக்கிற அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பித் தரவும், பூட்டிக் கிடக்கிற லேபை திறந்து விடவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

மனு எழுதிப் பழக்கம் இல்லாதவங்க நாங்க, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா நினைக்காதீங்க. எங்கள்ல ஒருத்தர் எலெக்ட்ரானிக் சிட்டில இன்ஜினியர், ரெண்டு பேர் கேப் ஓட்டுறாங்க, என் தம்பி பொம்மசந்திராவுல எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கிறான், நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். எல்லாருமே ஒரே சயின்ஸ் சார்கிட்ட படிச்சவங்க. பேர் போட வேணாம்னு அவரே சொல்லிட்டதால சார்னே எழுதுறேன்.

சார் எங்க ஊர்க்காரர் இல்ல. வேலை கிடைச்சு வந்தப்ப ரெண்டு வருஷத்துல சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிட்டுப் போயிடணும்னுதான் வந்தேன்னு அவரே சொல்லுவாரு. முப்பது வருஷத்துக்கு மேல எங்க ஸ்கூல்லயே இருந்துட்டாரு. ரிடையர்மெண்ட் வயசை 2020ல 59 ஆக்கி அடுத்த வருஷமே 60 ஆக்கினப்ப, இன்னும் ரெண்டு பேட்ச் கைக்கு வரும்னு சந்தோஷப்பட்ட மனுஷன் அவரு.

நான் எட்டாவது படிக்கிறப்ப, 1995 அக்டோபர் 24ஆம் தேதி சூரிய கிரகணம். வட இந்தியாவுல முழு கிரகணம், நம்ம பக்கம் பாதி அளவுலதான். ஊர்ல ஒரு குழந்தையையும் வெளிய விடல, கர்ப்பிணிங்க இருக்கிற வீட்டுல ஜன்னலுக்கெல்லாம் போர்வை. சார் முந்தின நாளே வீடு வீடா வந்து கேட்டு, எங்க பதினோரு பேரை மட்டும் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போனாரு. சூரியனை நேரா பாக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, அட்டையில ஊசியால ஓட்டை போட்டு வெள்ளைப் பேப்பர்ல விழ வெச்சுக் காட்டினாரு. அப்புறம் திடீர்னு "கீழ பாருங்க கண்ணுங்களா"ன்னாரு. வேப்ப மரத்தடில மண்ணுல தினமும் வட்ட வட்டமா விழுற வெளிச்சம் எல்லாம் அன்னைக்கு பிறை பிறையா, நூத்துக்கணக்குல, காத்து அடிக்கிறப்ப எல்லாமே சேர்ந்து ஆடுது. இலைக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசி ஓட்டைதான்னு அவரு சொன்னது அந்த வயசுலயே புரிஞ்சுது. நான் சயின்ஸ் படிக்கணும்னு நினைச்சது அந்த மரத்தடிலதான்.

இன்னொண்ணு, இது என் சொந்த விஷயம். எனக்கு பல்லு பழுப்பு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒழுங்கா பல்லு விளக்காததால வந்ததுன்னு நினைச்சு கரி, செங்கல் தூள்னு போட்டுத் தேய்ச்சு ஈறெல்லாம் ரத்தம் வந்திருக்கு, சிரிக்கிறப்ப கையால வாயை மூடிக்குவேன். சார் ஒருநாள் எல்லாரையும் வீட்டு போர் தண்ணியை பாட்டில்ல கொண்டு வரச் சொன்னாரு, ஒவ்வொண்ணுலயும் ஊர் பேரு எழுதி ஒட்டி, பஸ்ல எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தாரு. தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, எங்க பாட்டில் நிறைய தாண்டியிருந்துச்சு. "இது உங்க தப்பு இல்லம்மா, பாறையில இருந்து தண்ணிக்கு வருது, பல்லு உள்ள உருவாகுற வயசுலயே ஏறிடுது, தேய்ச்சா போகாது"ன்னு போர்டுல படம் போட்டு சொன்னாரு. அன்னைக்குத்தான் கையை எடுத்துட்டு சிரிச்சேன். அப்புறம் அந்த ரிசல்ட்டை பஞ்சாயத்துல குடுத்து, ஃபுளோரைடு கம்மியா இருந்த கிணத்துத் தண்ணியை குடிக்கிறதுக்கு மட்டும் தனியா வெச்சுக்கச் சொல்லி பேசினாரு. ஒகேனக்கல் குடிநீர் திட்டம் திறந்தது 2013லதான், அது வரைக்கும் எங்க தெருவுக்கு அந்தக் கிணறுதான்.

தம்பி கதையையும் சொல்லியாகணும், ஏன்னா பெங்களூர்ல இருக்கிற நாங்க இந்த மனு போடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். 1997 லீவுல அம்மா அவனை சித்தாள் வேலைக்கு பெங்களூர் கூட்டிட்டு வந்துட்டாங்க, அப்ப ஏழாவது முடிச்சிருந்தான். ஜூன்ல ஸ்கூல் திறந்து அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்ப அவன் இல்ல. எங்க பக்கம் இது வருஷா வருஷம் நடக்கிறது, மாங்கா சீசன்ல சில பேர் மண்டிக்குப் போயிடுவாங்க, மிச்சப் பேர் பெங்களூருக்கு. வேற யாரா இருந்தாலும் ரெண்டு மாசம் பாத்துட்டு பேரை அடிச்சிருப்பாங்க. சார் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துட்டாரு. ஓசூர் ரோட்டுல பொம்மனஹள்ளி தாண்டி ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச அட்ரஸ். மூணு சைட் ஏறி இறங்கி, நாலாவதுல தலையில செங்கல் வெச்சுக்கிட்டு ஏணி ஏறிட்டிருந்தவனை கீழ இருந்து பேர் சொல்லி கூப்பிட்டாரு.

மேஸ்திரிகிட்ட வாங்கின அட்வான்ஸ் கழியலைன்னு அம்மா அழுதாங்க. சார் திட்டவும் இல்ல, அட்வைஸ் பண்ணவும் இல்ல, தகர ஷெட்டு வாசல்ல உக்காந்து, பையன் கூலி இல்லாம எத்தனை வாரத்துல கழியும்னு அம்மாவோட சேர்ந்து கணக்குப் போட்டாரு, அதை மேஸ்திரிகிட்ட பேசி ஒத்துக்க வெச்சாரு, பையனை கவர்மெண்ட் ஹாஸ்டல்ல சேர்த்து விடறது என் பொறுப்புன்னாரு. அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல வேர்க்கடலை பொட்டலம் வாங்கிக் குடுத்து, தின்னு முடிச்சதும் அந்தப் பேப்பரை விரிச்சு சத்தமா படிக்கச் சொன்னாராம். ரெண்டு மாசத்துல எழுத்து மறந்துடுச்சான்னு பாத்திருக்காரு. தம்பி இன்னைக்கும் அதைச் சொல்றப்ப குரல் உடைஞ்சுடும். அந்த ரோட்டு மேல இப்ப ஃப்ளைஓவர் போகுது, அது மேல வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் கீழ திரும்பிப் பாப்பேன்னு சொல்லுவான். இப்படி சார் திரும்பக் கூட்டிட்டுப் போன பசங்க ஏழு பேர் இந்த மனுவுல கையெழுத்து போட்டிருக்காங்க.

சார் ரிடையர் ஆகி ரெண்டு ஜூன் போயிடுச்சு. அந்த இடம் இன்னும் காலி. யார் மேலயும் குறை சொல்ல நாங்க வரல, கணக்கு டீச்சரே சயின்ஸையும் சேர்த்து எடுக்கிறாங்க, பாவம் அவங்களும் எவ்வளவுதான் பண்ணுவாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஸ்கூல் பக்கம் போனேன், லேப் பூட்டியிருக்கு. ஜன்னல் வழியா பாத்தா பாட்டில் மேல எல்லாம் சார் கையெழுத்துல ஒட்டின லேபிள், ஒரு அட்டையில செம்பருத்திப் பூ தேய்ச்ச காகிதம் காய்ஞ்சு ஒட்டியிருக்கு, லிட்மஸ் வாங்க காசு இல்லாத வருஷம் அதை வெச்சுத்தான் எங்களுக்கு ஆசிட், காரம் சொல்லிக் குடுத்தாரு. பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட பிப்பெட் பிடிச்சிருக்கியாம்மான்னு கேட்டேன், படத்துல பாத்திருக்கேன் அக்கான்னா. பத்தாவது சயின்ஸ்ல 100க்கு 25 மார்க் பிராக்டிகல் ஐயா, அந்தப் பொண்ணு அதை எப்படிச் செய்யும்?

உண்மையைச் சொல்லணும்னா நாங்க முதல்ல லேபுக்கு சார் பேரை வைக்கணும்னு கேட்கத்தான் லால்பாக்ல கூடிப் பேசினோம். சார்கிட்ட போன்ல சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "பூட்டின ரூமுக்கு என் பேர் எதுக்கும்மா, உள்ள நிக்க ஒரு ஆள் கேளுங்க"ன்னாரு. அதான் மனுவை மாத்தி எழுதுறோம்.

அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வுல எங்க ஸ்கூலோட அறிவியல் பணியிடத்தை காலிப் பட்டியல்ல கண்டிப்பா காட்டணும், மாணவர் எண்ணிக்கை கம்மின்னு சொல்லி பணிநிரவல்ல அந்த இடத்தையே எடுத்துட வேணாம். ஆள் வர்ற வரைக்கும் பக்கத்து ஸ்கூல்ல இருந்து வாரத்துக்கு மூணு நாளாவது மாற்றுப்பணியில ஒருத்தரை அனுப்புங்க, இல்லேன்னா பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா ஒருத்தரை வெச்சுக்க அனுமதி குடுங்க. லேபுக்கு வேணுங்கிற கண்ணாடி சாமான், கெமிக்கல், தண்ணிக் குழாய் ரிப்பேர் எல்லாத்துக்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியா நாங்க பணம் கட்டிடுறோம், ஒயரிங் வேலையை தம்பி கூலி வாங்காம செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டான், அரசுக்கு அதுல செலவு இல்ல. இன்னொண்ணும் கேட்டுக்கிறோம், ஜூன் மாசம் அட்டெண்டன்ஸ்ல வராத பசங்க பட்டியலை ஹெட்மாஸ்டர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னா போதும், பெங்களூர்ல எந்த சைட்ல இருந்தாலும் நாங்க போய் பாத்து, வீட்டுல பேசி கூட்டிட்டு வர்றோம். எந்த ஏரியாவுல நம்ம ஊர் ஆளுங்க தங்குறாங்க, எந்த மேஸ்திரி யாரைக் கூட்டிட்டு வர்றாருன்னு கேப் ஓட்டுற எங்க பசங்களுக்கு அத்துப்படி. இத்தனை வருஷம் சார் ஒத்தையா பஸ் ஏறி செஞ்ச வேலை அது.

நேர்ல வரச் சொன்னா திங்கட்கிழமை மனு நாள்ல வந்து குடுக்கிறோம். விடிகாலைல சில்க் போர்டுல பஸ் ஏறினா பத்து மணிக்கு உங்க ஆபீஸ்ல இருப்போம். லேப் சாவி ஹெட்மாஸ்டர் ரூம்லயே இருக்கு.

இப்படிக்கு,
பழைய மாணவர்கள் சார்பாக,
1998 பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பெங்களூர்