எங்கள் மூச்சை அளந்து எழுதுங்கள்: ஒரு முன்னாள் படைவீரரின் திறந்த மடல்

படைவீரர்களின் ஊனத்தை மதிப்பிடும் மருத்துவ வாரியங்களின் அதிகாரிகளுக்கும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும்,

ஜெய்ஹிந்த், ஐயா.

நான் சாயல்குடிப் பக்கம் கடற்கரையோர ஊர்க்காரன். ராணுவத்தில் ஏ.எஸ்.சி. என்கிற சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் டிரைவராகச் சேர்ந்து, ஹவில்தாராக 2004-ல் பென்ஷனில் வந்தேன். சில வருடங்களாக மூச்சு வாங்குகிறது. இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. ராணுவக் கேண்டீன் நாளில் வரிசையில் நின்று காது கொடுத்தால் போதும், தொண்டியிலிருந்து வந்தவர் இருமுவதும் மண்டபத்திலிருந்து வந்தவருக்கு நெஞ்சு விசிலடிப்பதும் கேட்கும். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டம் இது. அனுப்பிய பிள்ளைகள் என்ன நிலைமையில் திரும்பினார்கள் என்பதையும் யாராவது பார்க்க வேண்டும் இல்லையா?

நான் கேட்பது ஒரு சோதனை. ஊதிப் பார்த்து மூச்சை அளக்கிற சோதனை, ஸ்பைரோமெட்ரி என்பார்கள். அதற்கு ஏன் ஒரு மடலே எழுத வேண்டியிருக்கிறது என்றால், அது இல்லாததால்தான் மற்ற எல்லாம் கெட்டுப்போகிறது.

கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவனை ஸ்ரீநகர் – லே சாலையில் கான்வாய் ஓட்ட அனுப்பினீர்கள். சோஜிலா கணவாய் தாண்டிப் போவது வழக்கமானது. அப்புறம் லேயிலிருந்து கர்துங் லா ஏறி நுப்ரா பக்கம், சியாச்சின் பேஸ் கேம்ப் வரை சரக்கு. 17,000 அடிக்கு மேல் வண்டி திணறும், டிரைவரும் திணறுவான். குளிரில் டீசல் உறைந்துவிடக் கூடாது என்று எஞ்சினை அணைக்காமல் வைத்திருப்போம். வரிசையாக நிற்கும் லாரிகளின் புகை பனிமூட்டத்தோடு சேர்ந்து கீழேயே தங்கும். இரவில் தங்குமிடத்தில் புகாரி எரியும், மண்ணெண்ணெய் ஊற்றுகிற இரும்பு அடுப்பு. காற்று உள்ளே வந்தால் விறைத்துப்போவோம் என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் கிழிந்த கம்பளியைத் திணித்து வைத்திருப்போம். காலையில் வெளியே வந்து பனியில் துப்பினால் கறுப்பாக விழும். யாருடையது அதிகக் கறுப்பு என்று சிரித்துக்கொள்வோம். இருபது இருபத்தைந்து வயதில் எல்லாமே சிரிப்புதான்.

உயரத்துக்கு ஏற்றும்போது ராணுவம் கவனமாகத்தான் ஏற்றியது. முதல் கட்டத்தில் 6 நாள், அடுத்த உயரத்தில் 4 நாள், அதற்கும் மேலே இன்னும் 4 நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் விடுவார்கள். அந்த ஒழுங்குக்கு நான் சல்யூட் அடிப்பேன், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது அது. ஆனால் கீழே இறங்கி வந்தவனின் நுரையீரலைச் சோதித்துப் பார்க்கிற ஒழுங்கு எதையும் என் சர்வீஸில் நான் பார்க்கவில்லை. இருமல் என்று யூனிட்டின் சிகிச்சை அறையான எம்.ஐ. ரூமுக்குப் போனால் மாத்திரையும் சிரப்பும் கிடைக்கும், மறுநாள் ஸ்டியரிங்கில் இருப்போம். பென்ஷன் வரும்போது கண், காது, பல், பி.பி., ஒரு எக்ஸ்-ரே. எக்ஸ்-ரே நார்மல். ஷேப்-1, அதாவது உடம்பு முழுத் தகுதி, என்று எழுதி வழியனுப்பினார்கள்.

எக்ஸ்-ரேயில் நிமோனியா தெரியும், காசநோய்த் தழும்பு தெரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது பெரும்பாலும் அதில் தெரியாது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் இல்லை. எனக்கே இது தெரிந்தது ரொம்பப் பின்னால், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில். அதுவரை ஊரில் மூச்சு முட்டும்போதெல்லாம் டெரிஃபிலின் ஊசி, சளிப் பரிசோதனை, ‘காசநோய் இல்லை, பயப்படாதீங்க’ என்ற ஆறுதல், இவ்வளவுதான். மதுரையில் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயை வைத்து, ‘இழுங்க, நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க ஐயா, ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க’ என்று சோதனை எடுத்த பெண் கத்தக் கத்த ஊதினேன். கண்ணில் பொறி பறந்தது. பிறகு மருந்தை உறிஞ்ச வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். திரையில் கோடு மேலே போய்விட்டு, இறங்கும்போது கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து கிடந்தது. முழு மூச்சில் முதல் ஒரு நொடிக்குள் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பார்களாம். மருந்துக்குப் பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் குழாய் நிரந்தரமாக அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் நின்றது. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், என்று எழுதினார் டாக்டர். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே அன்றைக்குத்தான். சரியான இன்ஹேலர் கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

பெயர் கிடைத்த தைரியத்தில் ஊன ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டேன். வாரியத்தின் முன் வரச் சொன்னார்கள். 500 கிலோமீட்டருக்கு மேல் ரயில். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ராத்திரி முழுக்க பெர்த்தில் உட்கார்ந்தே போனேன். என்னைப் பார்த்த இளம் டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். பீடி உண்டா என்றார். கிடையாது என்றேன், நான் தொட்டதே இல்லை. (தொட்டவர்களையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேண்டீனில் சிகரெட் விற்றது நாங்கள் இல்லையே.) உங்கள் ஊரில் கரி சுடுவார்களாமே என்று அடுத்த கேள்வி. ஆமாம் சார் என்றேன். லேயைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் ஃபைல் மூடியாகிவிட்டது. பிறகு வந்த பதிலில், பணியால் உண்டானதும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை, ஊர்ச் சூழல் காரணமாக இருக்கலாம் என்று இரண்டே வரி.

கரிமூட்டம் இங்கே உண்டுதான். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகைய விடுவார்கள். ஆடிக்காற்றில் உப்பளப் பக்கத்துப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று நீங்கள் சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, திறந்த வெளியில், கடற்காற்றில் போகிற விறகுப் புகை ஒருவன் நுரையீரலைக் கெடுக்கும் என்றால், இடுக்கெல்லாம் அடைத்த அறைக்குள் விடிய விடிய நின்ற மண்ணெண்ணெய்ப் புகை மட்டும் என்ன, சாம்பிராணியா? உழைக்கிற வயதில் நான் இருந்த இடம் அங்கே. ஊருக்கு லீவில் வந்துபோனவன் நான்.

சரி, கரிமூட்டமே விதை போட்டது என்று வைத்துக்கொள்வோம். பணி அதை அதிகமாக்கியிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு என்பதுதானே விதி? என் காலத்துக்குப் பொருந்தும் 1982-ஆம் ஆண்டு விதிகள், நிரூபிக்கும் சுமையை மனுதாரர் தலையில் வைக்கக் கூடாது என்கின்றன. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும், களப்பணி செய்தவருக்கு இன்னும் தாராளமாகப் போக வேண்டும் என்கின்றன. 2013-ல், ஊன ஓய்வூதியம் கேட்ட படைவீரர் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், மறுப்பதானால் வாரியம் காரணம் எழுத வேண்டும். ‘இருக்கலாம்’ என்பது எப்படி ஐயா காரணம் ஆகும்?

பணிக்காலத்தில் நோய் பதிவாகவில்லையே என்பீர்கள். ஓய்வுக்குப் பிறகு வெளிப்பட்ட நோய்க்கும் விதியில் இடம் இருக்கிறது. அது பணியில் தொடங்கித் தாமதமாக வெளிப்பட்டது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட வேண்டும், காலக்கெடுவும் உண்டு. எதை வைத்துக் காட்டுவது? அன்றைக்கு நீங்கள் அளக்கவில்லை. எம்.ஐ. ரூம் பதிவேட்டைக் கேட்டால், அவ்வளவு பழையது இப்போது இல்லை என்று பதில் வருகிறது. எக்ஸ்-ரே நார்மல், எக்ஸ்-ரே நார்மல் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கெடுவும் ஓடிவிடுகிறது. ஊன சதவீதம் 20-ஐத் தொட்டால்தான் பணம். மூச்சுக்கோளாறில் அந்த சதவீதத்தை ஊதிப் பார்க்காமல் எப்படிப் போடுவீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே, பனிமலையிலும் டீசல் புகையிலும் வேலை பார்த்த எவரையும் ஸ்பைரோமெட்ரி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அறிக்கையின் நகலை அவர் கையிலும் கொடுங்கள். 4 ஆண்டு முடிந்து பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்பும் அக்னிவீரர் பிள்ளைகளுக்கு இது எங்களைவிட அவசரம். நான் போகும் முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் அந்தக் கருவி இல்லை, இன்ஹேலரும் மாதக் கடைசியில் இருப்பதில்லை. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே எடுக்கும் மூச்சுச் சோதனையை வாரியம் ஏற்றுக்கொண்டால், நடக்கவே முடியாதவர்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. வாரியமே வருடத்துக்கு ஒரு முறையாவது மதுரை வரை வந்தால் இன்னும் நல்லது.

என் இரண்டாவது மேல்முறையீடு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. மதுரை அறிக்கையையும், எந்த வருடம் எந்த யூனிட்டோடு எந்தப் பாதையில் ஓட்டினேன் என்ற விவரத்தையும் இணைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இல்லை என்றுதான் முடிவு செய்கிறீர்கள் என்றால், ஏன் என்பதைக் கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு எனக்கு அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், ஏ.எஸ்.சி.,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்