காதைச் சோதிக்கும்போது விரலையும் விசாரியுங்கள்

தன்பாத், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டக் கல்குவாரித் தொழிலாளர்களுக்குச் செவித்திறன் சோதனை செய்துவரும் ஒருவர் எழுதும் மடல் இது.

ஒரு மார்கழிக் காலையில், பல ஆண்டுகளாக ஜாக்ஹாமர் பிடித்துப் பாறையில் துளை போட்டுவரும் ஒருவர் என் முன் அமர்ந்தார். ஒலி கேட்டதும் அழுத்த வேண்டிய பொத்தானை அவர் கையில் கொடுத்திருந்தேன். சில ஒலிகளுக்குத் தாமதமாக அழுத்தினார், சிலவற்றுக்கு அழுத்தவே இல்லை. கேட்கவில்லை என்றே குறித்துக்கொண்டு போனேன். "பொத்தான் விரலுக்குத் தட்டுப்படலைங்க" என்று அவராகச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு விரல்களின் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. பொத்தானை வாங்கி வைத்துவிட்டு, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி மறுபடியும் சோதித்தேன். அப்போதும் செவித்திறன் வரைபடத்தின் கோடு, இரைச்சல் முதலில் தாக்கும் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில்தான் விழுந்தது. அவருடைய விரலையும் காதையும் கெடுத்தது ஒரே கருவி. ஆனால் நம் பதிவேடுகளில் காதுக்கு மட்டுமே இடம் இருக்கிறது.

இரைச்சல் உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அழிக்கிறது என்பதும், அவை மறுபடி முளைப்பதில்லை என்பதும் தாங்கள் அறிந்தவை. அதிர்வின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கை வழியே ஏறும் அதிர்வு பரிவு நரம்புகளைத் தூண்டி விரல்களின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது. அதே சுருக்கம் உட்செவியிலும் நேர்ந்து, இரைச்சலால் ஏற்கெனவே களைத்திருக்கும் செல்களுக்கு இரத்தம் குறைகிறது என்பதே ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். உட்செவிக்கு இரத்தம் கொண்டுசெல்வது ஒற்றைத் தமனி. அது சுருங்கினால் ஈடுகட்ட வேறு வழியில்லை.

பின்லாந்தில் சங்கிலி ரம்பம் பிடித்து மரம் வெட்டிய தொழிலாளர்களை 1970-களில் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்த இல்மாரி பியுக்கோவின் குழு, 1981-இல் தன் முடிவை வெளியிட்டது. வயதும் இரைச்சலும் ஒத்திருந்தவர்களிடையே, விரல் வெளுக்கும் நோய் உள்ளவர்களின் செவித்திறன் மற்றவர்களைவிடச் சுமார் 10 டெசிபல் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்த இரைச்சல் நெறிமுறை, இரைச்சலும் அதிர்வும் சேர்ந்து விளைவிக்கும் கேட்டையும் வேலை கொடுப்பவர் மதிப்பிட வேண்டும் என்கிறது.

நம் நாட்டில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்னும் வரம்பும், 85 என்னும் எச்சரிக்கை அளவும் தங்கள் இயக்குநரகம் வகுத்தவையே. ஜாக்ஹாமர் அருகே 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். காதுக்கவசம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று குவாரிகள் எண்ணுகின்றன. கவசம் காற்றில் வரும் ஒலியைத்தான் குறைக்கும். கைப்பிடி வழியே ஏறும் அதிர்வை அது என்ன செய்ய முடியும்?

வெப்பம் மிகுந்த நம் ஊர்களில் விரல் வெளுப்பது குறைவு என்பதால், நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் மரத்துப்போதலாகவும் குறுகுறுப்பாகவுமே அது வெளிப்படுகிறது. வேலை விட்டபின் சட்டைப் பித்தானை மனைவி மாட்டிவிடுவதாகக் கூச்சத்தோடு சொன்னவர்கள் உண்டு. அவர்கள் என்னிடம் வந்தது காதுக்காக; கையைப் பற்றி நான் கேட்டதால்தான் சொன்னார்கள்.

ஆகவே, காலமுறை மருத்துவப் பரிசோதனையில் செவித்திறன் வரைபடத்துடன் மூன்று கேள்விகளைக் கட்டாயமாக்குமாறு வேண்டுகிறேன்: குளிரில் விரல் வெளுக்கிறதா, வேலைக்குப் பின் மரத்துப்போகிறதா, சிறு பொருளை எடுக்கச் சிரமமா. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆம் என்று சொல்பவரைத் துளையிடும் வேலையிலிருந்து கூலி குறையாமல் மாற்ற வேண்டும். கூலி குறையும் என்றால் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தங்கள் இயக்குநரகத்தின் ஆய்வாளர்கள் குவாரிக்கு வரும்போது இரைச்சலை அளக்கும் அதே வேளையில் கைப்பிடியின் அதிர்வையும் அளந்து, இரண்டையும் ஒரே பக்கத்தில் பதிய வேண்டும். அதிர்வு தாங்கும் கைப்பிடியும், மழுங்கிய துளைமுனையை உடனுக்குடன் மாற்றுவதும், ஆள் மாற்றி ஆள் துளையிடும் முறையும் உரிமையாளரின் பொறுப்பாக எழுதப்பட வேண்டும்.

நான் பயன்படுத்தும் கேள்வித்தாளைத் தங்கள் மண்டல அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கல்குவாரித் தொழிலாளர்களின் செவித்திறன் சோதகர்